நாற்காலி கிடைக்காத விஞ்ஞானி

கந்தகம் என்றால் சாத்தூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அது மஞ்சள் நிறம். மூக்கில் ஏறினால் தும்மல் வரும். வெடியுப்போடும் கரித்தூளோடும் சேர்ந்தால் வெடிமருந்து ஆகும். தீக்குச்சியின் தலையிலும் அது இருக்கிறது.

சாத்தூர் வைப்பாற்றங்கரை ஊர். சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர்போன ஊர். ஒரு காலத்தில் பேனா நிப்பு செய்வதிலும் பெயர் வாங்கியது. ஆனால், ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பித்தான்.

1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் சிவகாசியில் இருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இந்த வட்டாரத்தின் ரசாயனக் கதை அப்படித்தான் வளர்ந்தது.

அந்தக் கதையைக் கையால் எழுதியவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். கட்டை அடுக்கியவர்கள் பெண்கள். பெட்டி ஒட்டியவர்கள் பெண்கள். இன்றும் திரி வைப்பவர்களிலும் சரம் பின்னுபவர்களிலும் பெண்களே மிகுதி. ரசாயனத்தோடு இவ்வளவு நெருங்கிப் பழகும் பெண்கள் வேறு எத்தனை ஊரில் இருப்பார்கள்?

ஆனாலும், இங்கே ஒரு மகள் "கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் தாயின் முகம் மாறுகிறது.

தாயைக் குறை சொல்ல முடியாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அது முதல் விபத்தும் அல்ல, கடைசி விபத்தும் அல்ல. ரசாயனம் என்றதும் அந்தத் தாய்க்குப் புகையும் ஆம்புலன்சும்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்தப் பயம் அடங்கினால், அடுத்த கேள்வி வருகிறது.

"சரி, படி. படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாய்? கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை இருக்கும் ஊரில்தானே இருக்க வேண்டும்?"

முதல் பயத்துக்குப் பதில் உண்டு. கந்தகத்துக்கு வெடிப்பதைத் தவிர வேறு வேலையும் தெரியும். இரண்டாவது கேள்விதான் கடினமானது. அந்தக் கேள்வி, இந்தியா கண்ட மிகச் சிறந்த ரசாயன விஞ்ஞானிகளில் ஒருவரையே 23 ஆண்டுகள் வாசலில் நிற்க வைத்தது.

அவர் பெயர் தர்ஷன் ரங்கநாதன்.

தலைமுடியில் ஒரு பாலம்

தலைமுடி தீய்ந்தால் ஒரு நாற்றம் வருமே, தெரியுமா? அந்த நாற்றத்தில் கந்தகத்துக்குப் பங்கு உண்டு.

ஆம்! தலைமுடியில் கந்தகம் இருக்கிறது. நகத்தில் இருக்கிறது. ஆட்டு ரோமத்திலும் இருக்கிறது. பட்டாசில் உள்ள அதே கந்தகம்தான். ஆனால், அங்கே அது எரியவில்லை. பாலம் கட்டுகிறது.

முடி என்பது நீண்ட சங்கிலிகளால் ஆனது. ஒரு சங்கிலியில் உள்ள கந்தக அணு, பக்கத்துச் சங்கிலியில் உள்ள கந்தக அணுவின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிதான் முடிக்கு உறுதி தருகிறது. இப்படி இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் பொருளுக்கு 'சிஸ்டீன்' என்று பெயர். சுருட்டை முடியை அழகு நிலையத்தில் நேராக்குகிறார்களே! ரசாயனம் தடவி இந்தப் பாலங்களை உடைத்து, முடியை நேராக இழுத்து வைத்து, மறுபடியும் பாலம் கட்டுவது அதில் ஒரு முறை.

தர்ஷன் அம்மையார் இந்தப் பாலத்தைத் தமது பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுவந்தார். அதோடு இன்னொரு பொருளின் அமைப்பையும் சேர்த்தார். அதுவும் சாத்தூர்ச் சம்சாரிகளுக்குத் தெரிந்த பெயர்தான். யூரியா!

வயலுக்குப் போடும் அதே யூரியாவா? உப்பு மூட்டையைப் பிரித்து அவர் கொட்டவில்லை. யூரியாவின் நடுவில் அணுக்கள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அந்த வரிசையைத் தமது பொருளுக்குள் அமைத்தார். சிஸ்டீனையும் அந்த யூரியா இணைப்பையும் வைத்து ஒரு வளையம் செய்தார். கண்ணுக்குத் தெரியாத வளையம்.

பிறகு நடந்ததுதான் அதிசயம்.

வளையங்கள் தாமாகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. காப்புக் கடையில் வளையலை அடுக்கி வைப்பது போல அடுக்கு உண்டாயிற்று. வளையல் அடுக்கின் நடுவே ஒரு துளை இருக்கும் அல்லவா? அதுபோல ஒரு நீண்ட குழாய் கிடைத்தது. தலைமுடியின் தடிமனை ஐம்பதாயிரம் கூறாகப் பிரித்தால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு மெல்லிய குழாய்!

வளையத்தைச் செய்தவர் விஞ்ஞானி. அடுக்கியவர் யார்? ஒருவரும் இல்லை. தாமே அடுக்கிக்கொண்டன.

யாரும் தொடாமல் அடுக்குவது எப்படி?

இது மந்திரம் அல்ல. வீட்டில் தினமும் நடப்பதுதான்.

சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும்போது என்ன நடக்கிறது? வால்கள் எல்லாம் எண்ணெய்த் துளிக்குள் புகுந்துகொள்கின்றன. தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. எண்ணெய்த் துளி ஒரு சிறு உருண்டையாகி, தண்ணீரோடு போய்விடுகிறது. கோடிக்கணக்கான துணுக்குகளை அப்படி வரிசையில் நிற்கச் சொன்னது யார்? எவரும் இல்லை. அவற்றின் உருவமே அப்படி.

ரசாயனத்தில் இரண்டு வகைப் பிடிகள் உண்டு.

ஒன்று உடும்புப் பிடி. ஒரு பொருளின் உள்ளே அணுவும் அணுவும் பிடித்துக்கொள்ளும் பிடி. பட்டாசு வெடிக்கும்போது அந்தப் பிடிகள் அறுந்து புதிய பிடிகள் உண்டாகின்றன. அப்போது கிளம்புவதுதான் வெளிச்சமும் வெப்பமும் சத்தமும்.

இன்னொன்று இளம்பிடி. ஒரு துணுக்கு அடுத்த துணுக்கை மெல்லத் தொட்டு நிற்பது. அதில் முக்கியமானதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். வலுவில் உடும்புப் பிடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இருக்கும். ஆனால், தண்ணீர் ஆவியாகப் பறந்துவிடாமல் குடத்தில் நிற்பதற்கு அந்த இளம்பிடிதான் காரணம். தாயின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் டி.என்.ஏ. சங்கிலி இரட்டையாக முறுக்கி நிற்பதற்கும் அதுவே பெரிய துணை.

சாத்தூர் அறிந்தது உடும்புப் பிடி அறும் ரசாயனம். தர்ஷன் அம்மையார் வேலை செய்தது இளம்பிடி சேரும் ரசாயனம். இந்தத் துறையில் வழிகாட்டிய மூன்று பேருக்கு 1987ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வேலையில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி தொகுப்பு. கரிமப் பொருள்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து, இதுவரை உலகத்தில் இல்லாத ஒரு பொருளைச் செய்வது. மாதக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும், வடிக்க வேண்டும், பிரிக்க வேண்டும். பத்துப் படி ஏறினால் ஒன்பதாவது படியில் எல்லாம் கெட்டுப்போகலாம். இரண்டாம் பாதியில் விஞ்ஞானி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பொருளைச் சரியாக வடிவமைத்திருந்தால் அது தானே கூடும். இல்லையென்றால் கூடாது. முன்யோசனை முழுவதும் முதல் பாதியிலேயே இருக்க வேண்டும்.

குழாய் எதற்கு என்று கேட்கலாம். உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஒரு மெல்லிய தோல் உண்டு. அதில் நுண்ணிய வழிகள் உண்டு. தண்ணீரும் உப்பும் அந்த வழியாகத்தான் போய்வருகின்றன. அதுபோன்ற வழியை மனிதனே செய்யக் கற்றால், மருந்துக்கு உதவும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கதிரி என்ற விஞ்ஞானியும் தோழர்களும் வளையங்கள் அடுக்கிய குழாயைச் செய்து காட்டினார்கள். பிறகு, அத்தகைய வளையங்கள் கிருமியின் தோலைத் துளைத்துக் கொல்வதையும் 2001ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

தர்ஷன் அம்மையாரின் கந்தகப் பாலக் குழாய் பற்றிய கட்டுரை 1999ஆம் ஆண்டில் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. உலகத்து ரசாயன விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரை அதில் வராதா என்று ஏங்கும் சஞ்சிகை அது.

குளித்தலைக்காரரின் மாணவி

தர்ஷன் 1941ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி டெல்லியில் பிறந்தார். அங்கேயே படித்தார்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஒரு தமிழர். காவிரிக்கரையில் உள்ள குளித்தலையில் 1900ஆம் ஆண்டில் பிறந்த டி.ஆர்.சேஷாத்திரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பூவுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். அவரிடம் ஆராய்ச்சி செய்து, தர்ஷன் 1967ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

டெல்லியில் மிராண்டா ஹவுஸ் என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே ரசாயனம் கற்பித்தார். ரசாயனத் துறைக்குத் தலைவரும் ஆனார்.

பிறகு லண்டன் போனார். அந்தப் பயணத்துக்குப் பணம் வந்த வழி வேடிக்கையானது. 1851ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடந்தது. செலவு போக லாபம் மிஞ்சியது. அந்த லாபத்தை முதலாக வைத்து, சிறந்த மாணவர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து வருகிறார்கள். அணுவின் உட்கருவைக் கண்டுபிடித்த ரூதர்போர்டும் அந்தப் பணத்தில்தான் இங்கிலாந்துக்கு வந்து படித்தார். (பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றிய காசு இப்படியும் பயன்படலாம்!)

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பார்ட்டன் என்ற பேராசிரியரிடம் தர்ஷன் ஆராய்ச்சி செய்தார். பார்ட்டன் 1969ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்.

கல்லூரியில் துறைத் தலைவர் பதவி. லண்டனில் நோபல் விஞ்ஞானியிடம் பயிற்சி. இந்தத் தகுதியோடு ஒரு ஆண்மகன் 1970ஆம் ஆண்டில் இந்தியா திரும்பி வந்திருந்தால், எந்த நிறுவனமும் கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கும்.

தர்ஷன் திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொண்டார்.

எழுதாத சட்டம்

மணமகன் சுப்பிரமணிய ரங்கநாதன். அவரும் ரசாயன விஞ்ஞானி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியர். அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற உட்வர்டு என்ற மேதையோடு வேலை செய்தவர். 'செபலோஸ்போரின்' என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பரிசோதனைச் சாலையிலேயே செய்து காட்டிய உட்வர்டு குழுவில் அவரும் ஒருவர்.

ஒரே துறை. ஒரே ஆர்வம். பொருத்தமான ஜோடி.

அந்தப் பொருத்தமே வினையாயிற்று.

கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் இல்லை. விதிகளிலும் இல்லை. எழுதாத சட்டம்! கணவர் ஆசிரியராக இருந்தார். ஆகவே, மனைவி ஆசிரியராக முடியவில்லை.

தர்ஷன் என்ன செய்தார்? வீட்டில் உட்காரவில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. அது முடிந்தது. அடுத்ததற்கு விண்ணப்பம் போட்டார். 1970ஆம் ஆண்டில் இருந்து 1993ஆம் ஆண்டு வரை கான்பூரில் இப்படியே ஓடியது.

இருபத்து மூன்று ஆண்டுகள்! அவர் வந்த ஆண்டில் பிறந்த குழந்தை, பள்ளிப் படிப்பை முடித்து, பட்டம் வாங்கி, வேலைக்கும் போயிருக்கும். அத்தனை காலமும் அவருக்கு ஆசிரியர் பதவி கிடையாது.

அந்த நிலையில் இருந்துகொண்டுதான் அவர் செய்த காரியங்களைப் பாருங்கள்.

கணவரோடு சேர்ந்து புத்தகங்கள் எழுதினார். ரசாயன மாற்றங்கள் எப்படி நடக்கின்றன என்பதைக் கடினமான புதிர்களாகப் போட்டு, விடையும் விளக்கிய புத்தகம் 1972ஆம் ஆண்டில் வந்தது. செடியும் உயிரும் தமக்குள் பொருள்களைச் செய்துகொள்ளும் கலையைப் பற்றிய புத்தகம் 1976ஆம் ஆண்டில் வந்தது. 1980ஆம் ஆண்டில் மேலும் புதிர்கள்.

உடம்பு செய்வதை உடம்புக்கு வெளியே செய்து பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. சாப்பிட்ட பருப்பும் முட்டையும் செரித்த பிறகு, உடம்பில் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அது சிறுநீரோடு வெளியேறுகிறது. அந்த மாற்றம் ஒரு சக்கரம் போலச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. அந்தச் சக்கரத்தை ரசாயன முறையில் வெளியே சுழலவிட அவர் முனைந்தார். 1828ஆம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி வோலர், உயிரின் துணை இல்லாமல் யூரியாவைச் செய்தார். கரிமப் பொருள்களைச் செய்யும் கலைக்கே அது ஒரு தொடக்கம். தர்ஷன் அம்மையார் அந்தப் பரம்பரையில் வந்தவர்.

இவ்வளவும் நாற்காலி இல்லாமல்! பதவி கொடுத்திருந்தால் எத்தனை மாணவர்கள் அவரிடம் நேராக வந்து சேர்ந்திருப்பார்கள்? எத்தனை சோதனைகள் இருபது ஆண்டுகள் முன்னதாகவே நடந்திருக்கும்? அந்தக் கணக்கை இனி யாரும் போட முடியாது.

வழக்கத்தின் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் கணவன் பெரிய பதவியில் இருக்கிறார். மனைவிக்கு வேலை கொடுக்கிறார். மைத்துனருக்குக் கொடுக்கிறார். மருமகனுக்கும் கொடுக்கிறார். கடைசியில் அது நிறுவனமாக இருக்காது, குடும்பச் சத்திரமாக இருக்கும். தகுதி உள்ள ஏழைப் பிள்ளை வெளியே நிற்பான். இந்த நோய் இந்தியாவில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தடுக்கத்தான் அந்த வழக்கம் வந்தது.

ஆனால், மருந்து நோயாளியையே கொன்றால் அது மருந்தா?

சலுகையைத் தடுக்க வேறு வழி உண்டு. மனைவியின் விண்ணப்பம் வரும்போது கணவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. சம்பள உயர்விலும் பதவி உயர்விலும் அவர் கை படக் கூடாது. வெளியூர் நிபுணர்கள் வந்து தகுதியை எடை போடட்டும். தகுதி இருந்தால் வேலை. இல்லையென்றால் இல்லை. இதைக் காகிதத்தில் எழுதி வைத்தால் போதும்.

எழுதுவதில்தான் விஷயமே இருக்கிறது. எழுதிய விதி தவறாக இருந்தால் மனுப் போடலாம். கோர்ட்டுக்குப் போகலாம். சட்டசபையில் கேட்கலாம். எழுதாத விதியை எதிர்த்து எங்கே மனுப் போடுவது? "அப்படி ஒரு விதியே இல்லையே, அம்மா!" என்று பதில் வரும். விதி இல்லை. வேலையும் இல்லை!

அமெரிக்காவும் இதில் யோக்கியமாக இருந்துவிடவில்லை. கெர்டி கோரி என்ற அம்மையார் தம் கணவரோடு சேர்ந்து, உடம்பில் சர்க்கரை எப்படிச் செலவாகிறது என்று கண்டுபிடித்தார். 1931ஆம் ஆண்டில் கணவரை ஒரு பல்கலைக்கழகம் துறைத் தலைவராக அழைத்துக்கொண்டது. மனைவிக்கோ சிறிய ஆராய்ச்சி வேலை. அவர் முழுப் பேராசிரியர் ஆனது 1947ஆம் ஆண்டில். அதே ஆண்டில் கணவனுக்கும் மனைவிக்கும் நோபல் பரிசு வந்தது!

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தர்ஷன் அம்மையாரின் குழாயைப் 'பார்த்து'ச் சொன்னவர் இசபெல்லா கார்ல் என்ற அமெரிக்க அம்மையார். கண்ணுக்குத் தெரியாத பொருளை எப்படிப் பார்ப்பது? பொருளைப் படிகமாக்கி, அதன் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, கதிர் சிதறும் விதத்தை வைத்து அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கலையில் இசபெல்லா கைதேர்ந்தவர். இந்தியாவில் தர்ஷன் பொருளைச் செய்வார். வாஷிங்டனில் இசபெல்லா அதன் உருவத்தைக் கண்டு சொல்வார்.

அந்த இசபெல்லா வேலை பார்த்த இடம் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலை. 1946ஆம் ஆண்டில் சேர்ந்தார். அவர் கணவர் ஜெரோம் கார்லும் அதே ஆராய்ச்சிச் சாலைதான்! இருவரும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் உழைத்து, 2009ஆம் ஆண்டில் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். ஜெரோமுக்கு 1985ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. கணவன், மனைவி இருவரையும் வைத்திருந்ததால் அந்தக் கடற்படை மூழ்கிப் போகவில்லை.

ஒரே கட்டுரையில் இரண்டு அம்மையார்களின் பெயர்கள். ஒருவருக்குக் கணவரோடு ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. மற்றவருக்கு 23 ஆண்டுகள் அது கிடைக்கவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல்

1993ஆம் ஆண்டில் தர்ஷன் அம்மையார் திருவனந்தபுரத்தில் உள்ள வட்டார ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 52. மற்றவர்கள் ஓய்வு பெறும் நாளை எண்ணத் தொடங்கும் வயது.

1998ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் உள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறினார். துணை இயக்குநர் ஆனார். கணவர் ரங்கநாதனும் அங்கேயே ஆராய்ச்சி செய்தார். ஆம், ஒரே நிறுவனம். ஒரு கேடும் வரவில்லை. கட்டுரைகள்தான் வந்தன.

எப்படி வந்தன தெரியுமா? அவருடைய கடைசி ஐந்து ஆண்டுகளில் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் அந்தச் சஞ்சிகையில் மட்டும் ஒரு டஜன் அளவுக்கு! அணை திறந்த வைப்பாறு போல வந்தன. வளையங்கள், குழாய்கள், ஏணிகள், எட்டு வடிவில் முறுக்கிய பொருள்கள். இத்தனை நாள் மனத்தில் போட்டு வைத்திருந்தவை எல்லாம் வெளியே வந்தன போலும்.

1999ஆம் ஆண்டில் மூன்றாம் உலக விஞ்ஞான அகாடமியின் ரசாயனப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தானே கூடும் பொருள்களை அவர் வடிவமைத்ததற்கும் நுண்குழாய்களைச் செய்ததற்கும் அந்தப் பரிசு.

ஆனால், காலம் இல்லை. 1997ஆம் ஆண்டிலேயே மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். 1999ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நோயோடு செய்த வேலை. 2001ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி அவர் காலமானார். அன்றுதான் அவருடைய 60ஆவது பிறந்த நாள்.

அவர் பெயரால் ஒரு சொற்பொழிவுக்கு ரங்கநாதன் அதே ஆண்டில் ஏற்பாடு செய்தார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. விஞ்ஞானத்தில் சிறந்த ஒரு பெண்தான் அதில் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. மனைவிக்கு நாற்காலி வாங்கித் தர முடியாத கணவர், மற்றப் பெண்களுக்கு ஒரு மேடை போட்டுவிட்டுப் போனார்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், தேசிய விஞ்ஞான தினத்தை ஒட்டி, 11 பெண் விஞ்ஞானிகளின் பெயரால் ஆய்வு இருக்கைகள் அமைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. அதில் ஒன்று தர்ஷன் ரங்கநாதன் பெயரில். இருக்கை என்றால் நாற்காலிதான்! அவர் இறந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு.

மாப்பிள்ளை வீட்டில் கேட்க வேண்டியது

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கணவன், மனைவி இருவரும் அரசு ஊழியராக இருந்தால், கூடுமானவரை ஒரே ஊரில் வேலை கொடுக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு எழுத்தில் உத்தரவு போட்டது. குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்பி வர 2002ஆம் ஆண்டுவாக்கில் ஒரு திட்டமும் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால், அதுவும் சில ஆண்டு உதவித்தொகைதான். தர்ஷன் அம்மையாருக்குக் கான்பூரில் கிடைத்ததும் உதவித்தொகைதானே?

ஆகவே, கல்லூரிகளும் ஆராய்ச்சிச் சாலைகளும் இதை எழுதியே வைக்க வேண்டும். இன்னாருக்கு மனைவி என்பதற்காக ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது. இன்னாருக்கு மனைவி என்பதற்காக வேலையை மறுக்கவும் கூடாது. இரண்டு வாக்கியங்கள்தான். ஒரு முழுத்தாள் கூட வேண்டாம்.

சாத்தூர்த் தாயின் முதல் பயத்துக்கு வருவோம். மகள் ரசாயனம் படித்தால் மருந்து அறைக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. உண்மையில், மருந்து அறையில் எதை எதோடு கலக்கக் கூடாது, ஏன் கலக்கக் கூடாது என்று எடுத்துச் சொல்ல, படித்த ஒரு பெண் அந்த ஊருக்கு வேண்டும். அவள் அங்கே நிற்கலாம். கந்தகத்தைப் பாலம் கட்டச் சொல்லும் ஆராய்ச்சிச் சாலைக்கும் போகலாம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் பாதி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது. பெண் பார்க்க வரும்போது நகை எத்தனை பவுன், சீர் என்ன என்றெல்லாம் பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்று கேட்கிறார்கள். அந்த ஊரில் பெண்ணின் படிப்புக்கு வேலை உண்டா, இல்லையென்றால் மாப்பிள்ளை ஊர் மாறி வருவாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தட்டு மாற்றுவதற்கு முன்பே பெண்ணின் தகப்பனார் அதையும் கேட்டுவிடலாம்.